ஒரு ஆளுக்குத்தான் காணும்

சத்தம்தான் முதலில் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் சின்ன வலி. மேஜைக்கடியில் உருண்டுபோன பேனா மூடியை எடுக்கக் குனிந்திருந்த டாக்டர் அருமைநாயகம் நிமிர்ந்த வேகத்தில், திறந்தபடி விட்டிருந்த இரும்பு அலமாரிக் கதவின் முனை வலது காதுக்குமேல் டொங்கென்று இடித்தது. வேறு யாராவது என்றால் ஸ்ஸென்று நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவர் தேய்க்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, மடக்க முடியாத இடது காலை ஒருபக்கமாகச் சாய்த்துவைத்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி நின்றார். விரல் நுனியால் இடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. ஈரம் இல்லாதது நல்லதா? வெளியே வந்தால் கண்ணுக்குத் தெரியும், பஞ்சை வைத்து அழுத்தலாம். உள்ளே கசிந்தால் கசிகிறவனுக்கே தெரியாது. தெரிய வரும்போது அதைச் சொல்ல நாக்கு ஒத்துழைக்காது. பிறவியிலேயே ரத்தம் உறையாத உடம்பு அவருக்கு. ஹீமோபிலியா. இருபத்தெட்டு வருஷமாக அந்த ஒரு நோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். ஐம்பத்துமூன்று வருஷமாக அதனோடுதான் குடித்தனம். இந்த ஆஸ்பத்திரியில் ரத்த நோய்ப் பிரிவைத் தொடங்கியதே அவர்தான். அறைக்கு வெளியே நோயாளிகள் உட்காரும் இடத்தில், வாசகம் அவரே சொல்லி எழுதி ஒட்டவைத்த சுவரொட்டி இருக்கிறது: தலையில் அடிபட்டால் முதலில் மருந்து, மற்றதெல்லாம் பிறகு. வாந்தி வருகிறதா என்று காத்திருக்காதே, தூங்கி எழுந்தால் சரியாகும் என்று நினைக்காதே. எத்தனை தாய்மாரை ஏசியிருக்கிறார்! பிள்ள வெளையாடிக்கிட்டுத்தான் சார் இருந்தான், சாயங்காலம் வரைக்கும் பாப்போம்னு இருந்துட்டோம் என்று அழுதவர்களை. பாப்போம்னு இருந்தீங்களா, என்னத்தப் பாப்பீங்க, மண்டைக்குள்ள ஜன்னலா இருக்கு?

செய்ய வேண்டியது தெரியாமல் இல்லை. கதவைத் திறந்து, வார்டு சிஸ்டர் பொன்மலரைக் கூப்பிட்டு, தலையை இடிச்சுட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் ஒரு கேள்வி கேட்க மாட்டாள். பிரிட்ஜைத் திறந்து ரத்தத்தை உறையவைக்கிற மருந்துக் குப்பிகளை எடுத்து, கரைத்து, அவர் சட்டைக் கையை மடித்துவிடுவாள். அதுதான் சங்கடம். அவள் கேட்கவே மாட்டாள். காலையில் மருந்தைச் சரிபார்த்துவிட்டு வந்து அவளே சொன்னாள்: “சார், இந்த வாரம் ரெண்டு ஆப்பரேஷன் வந்ததுல எல்லாம் தீந்துபோச்சு. இருக்கது ஒரு ஆளுக்குத்தான் காணும். நாளைக்கு வண்டி வந்துரும்.” ஒரு ஆளுக்கு. அந்த ஆள் யார் என்பது சாப்பாட்டுக்குப் பிறகு முடிவாகிவிட்டது. கடையத்துப் பக்கத்தில் பரோட்டாக் கடையில் மாஸ்டராக இருக்கிற சிவனணைந்தான். அவனுக்கும் இதே நோய். மத்தியானம் சோற்றோடு மீன்முள் தொண்டையில் குத்தியிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு சோற்று உருண்டையோடு போய்விடுகிற முள். அவனுக்கு நாக்கடியெல்லாம் வீங்கிக் கழுத்து பருத்துக்கொண்டு வருகிறது. அவன் பொண்டாட்டி முப்பிடாதி போனில் கூப்பிட்டபோது, “மருந்து இருக்கும்மா, ஒடனே கெளம்பி வாங்க” என்று சொன்னது அருமைநாயகம்தான். சொன்ன வாய் இன்னும் ஈரமாக இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்கிறவர் அவர். அடுத்தது நாளைக் காலை. முந்தின ஊசியின் மருந்து இந்நேரம் ரத்தத்தில் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். வீட்டு பிரிட்ஜில் தனக்கென்று வைத்திருந்ததைப் போன வாரம் இந்த நோயைச் சுமக்கிற ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்துவிட்டார், பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போனபோது. நாளைக்குத்தான் வண்டி வருகிறதே என்று நினைத்துக் கொடுத்தது. அடுத்த பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிவர இருட்டிவிடும். நாளை, நாளை. மண்டைக்கு நாளை தெரியுமா?

நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாக. போனில் கேமராவைத் திறந்து முகத்தைப் பார்த்தார். இரண்டு கண்மணியும் ஒரே அளவு. விளக்கைப் போட்டார், சுருங்கின. வலதுபக்கம் கொஞ்சம் மெதுவாகச் சுருங்கியதோ? மறுபடி போட்டார். இல்லை. ஆமாம். ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் விழுகிறது, அதனால் இருக்கும். பதினேழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொன்னார், தட்டாமல் வந்தது, ஆனால் அது சின்ன வயசில் அடித்துப் புகட்டினது, செத்த பிறகும் வரும். வலிக்கிறதா? வலிக்கிறது. இடித்த இடத்திலா, அதற்கு உள்ளேயா? காலையிலிருந்தே தலை கனமாகத்தானே இருந்தது, அந்தக் கனம்தானா இது, இல்லை புதுசா? ஒரு வலி பழசா புதுசா என்று எப்படிப் பிரிப்பது? நோயாளிகளிடம் அவர் கேட்கிற கேள்விதான், ‘இதுக்கு முன்ன இப்படி வலிச்சிருக்கா?’ எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று இப்போதுதான் உறைக்கிறது. மத்தியானம் சுகிர்தா பேசும்போதே நெற்றிப்பொட்டு தெறித்தது. ஆக, பழசுதான். மகளோடு பேசினதில் வந்த வலி. அப்படியே இருக்கட்டும். ஆனால் அது இரண்டு பக்கமும் வலித்தது, இது ஒரு பக்கம். ஒரு பக்கம்தான். இல்லை, கவனித்தால் அந்தப் பக்கமும் இருக்கிறது. கவனித்தால் எங்கேதான் இல்லை?

சுகிர்தா கோயம்புத்தூரில் இருக்கிறாள், கர்ப்பம், மூன்றாவது மாசம். அவருடைய ஒரே பிள்ளை. இந்த நோய் இருக்கிற ஆணுக்குப் பிறக்கிற மகன்களுக்கு இது போகாது; மகள்களுக்குத் தப்பாமல் போய்ச் சேரும், பெரும்பாலும் அவர்களை ஒன்றும் செய்யாமல் உள்ளே உட்கார்ந்திருந்து, அவர்களுடைய மகனுக்காகக் காத்திருக்கும். சுகிர்தா பிறந்தபோது பெண் என்று சிஸ்டர் வந்து சொன்னதும் சந்தோஷம் பொங்கியது, அதே மூச்சில் இதுவும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அவளைக் கையில் வாங்கினார். வயிற்றுப் பிள்ளைக்கு இருக்கிறதா என்று இந்த மாசமே பரிசோதித்துவிடலாம். இந்த ஜில்லாவில் அந்தப் பரிசோதனைக்கு வழிசெய்ததே அவர்தான். எத்தனையோ தம்பதிகளை எதிரில் உட்காரவைத்து, படம் போட்டு, பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். மகளுக்கும் அதே குரலில்தான் சொன்னார். “டெஸ்ட் எடுத்துரும்மா. தெரிஞ்சிக்கிடுறது நல்லதுதானே.” அவள், “எடுத்து, இருக்குன்னு வந்தா?” என்றாள். “அத நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணணும்.” “நீங்க என்ன சொல்லுதீங்க?” “டாக்டரா சொல்லணும்னா…” “டாக்டரா வேண்டாம்ப்பா. டாக்டர் இங்கயும் இருக்காங்க.” போனில் அவள் மூச்சு கேட்டது. “உங்கள மாதிரி ஒரு பிள்ள வேண்டாம்னு நான் சொல்லணுமாப்பா?” அந்த நேரம் பார்த்துப் பொன்மலர் கதவைத் தட்டினாள். அப்புறம் பேசுதேன் என்று வைத்துவிட்டார். பொன்மலர் ஒன்றும் அவசரத்துக்கு வரவில்லை, ஒரு கையெழுத்துக்குத்தான் வந்தாள். உங்கள மாதிரி. உங்கள மாதிரி என்றால் எந்த மாதிரி? தாங்கித் தாங்கி நடக்கிற மாதிரியா? ஒரு அலமாரிக் கதவுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிற மாதிரியா? சிரித்துக்கொண்டு கேட்டாளா, அழுதுகொண்டு கேட்டாளா? சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அவருடைய அம்மா மாதிரிக் கேட்டாள்.

போன் அடித்தது. மகள் என்று நினைத்து எடுத்தார். முப்பிடாதி.

“சார், முக்கூடல் தாண்டிட்டோம் சார். ஆம்புலன்ஸ் கெடைக்கல, கார்லதான் வாரோம். இவுகளுக்கு எச்சி முழுங்க முடியல சார். வாய்வழியா ரெத்தம் வடியுது.”

“நிமிந்து உக்காரவச்சிருக்கீங்களா?”

“ஆமா சார்.”

“படுக்க விட்றாதீங்க. எச்சி வந்தா துப்பச் சொல்லுங்க, முழுங்க வேண்டாம். பேசச் சொல்லாதீங்க. ஐஸ் இருக்கா?”

“வழியில வாங்கி வச்சிருக்கேன் சார். சார், மருந்து இருக்குல்லா?”

பதில் சொல்வதற்கு முன்னால் அவர் ஒரு மூச்சு எடுத்தார். ஒரு மூச்சுதான். ஆனால் அந்த மூச்சுக்குள் எத்தனை பேர் புகுந்து வந்தார்கள்! நாளைக்குப் பேரனோ பேத்தியோ, போன வாரத்துப் பிள்ளைத்தாச்சி, மனைவி ரெஜினா, பிரிட்ஜின் இரண்டாவது தட்டில் நிற்கிற குப்பிகள். “இருக்கும்மா,” என்றார். “ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கு. மெதுவா வரச் சொல்லாதீங்க டிரைவர, வேகமாவே வரச் சொல்லுங்க.” தொண்டைக்குள் வீங்குகிறவனுக்கு அவகாசம் கிடையாது, காற்று போகிற வழி ஒரு விரல் அகலம். மண்டைக்குள் கசிந்தாலும் அவகாசம் கிடையாது. ஆனால் அவனுக்கு வீங்குவது நிச்சயம், தனக்குக் கசிவது நிச்சயமில்லை. நிச்சயத்துக்குத்தான் முதலில். இதை எந்தப் புத்தகத்தில் படித்தார்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. சுவரொட்டியில் இருப்பது வேறு.

அம்மாவும் இதே மாதிரி இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அண்ணன் ஜெயசிங், நாலு வயசு மூத்தவன். இரண்டு மகன்களுக்கும் அதே ரத்தம். அப்போது குப்பி மருந்தெல்லாம் வரவில்லை. கிரையோ என்று ஒன்று இருந்தது. மற்றவர்கள் தானம் கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதியை ஐஸாக உறையவைத்து இளக்கி, அடியில் தங்குகிற மஞ்சள் வண்டலைப் பிரித்துப் பைகளில் கொடுப்பார்கள். அதற்காகப் பாசஞ்சர் ரயிலில் மதுரைப் பக்கம் போக வேண்டும். முழங்கால் வீங்கின இரண்டு பையன்களையும் எதிரெதிர் சீட்டில் கால் நீட்டவைத்து, நடுவில் தரையில் அம்மா உட்கார்ந்து வருவாள், யாராவது கடந்து போனால், “பாத்து, பாத்து, பிள்ளைக காலு” என்பாள். ஒரு தடவை இரண்டு பேருக்கும் ஒன்றாக வீங்கியிருந்தது. இருந்த பைகள் ஒருவனுக்குத்தான் போதும். மற்றவனுக்கு மறுநாள் என்றார் அங்கிருந்த டாக்டர். யாருக்கு முதலில் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அருமைநாயகத்துக்குப் பதினைந்து வயசு. அம்மா என்று அலறினார். வலி. அண்ணனும் அலறினான். அண்ணனுக்கு வீக்கம் பெரிசு, அவனுக்கே போடுங்கள் என்று கடைசியில் டாக்டரே முடிவு செய்தார். எனக்கு இல்லையா என்று அந்த ராத்திரி முழுக்கத் தம்பி அண்ணனோடு பேசவில்லை. ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடெல்லாம் வராத காலம் அது. ஏதோ ஒரு பையில் அந்தக் கிருமி இருந்திருக்கிறது. எந்தப் பை, யார் கொடுத்த ரத்தம், எந்த நாள், யாருக்கும் தெரியாது. ஜெயசிங் எய்ட்ஸ் வந்து இருபத்துநாலு வயசில் செத்தான், ஊரில் காசநோய் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பைதானா? வேறு நாளைய பையாகவும் இருக்கலாம். இருபத்தெட்டு வருஷ ஆராய்ச்சியில் அவரால் கண்டுபிடிக்க முடியாத ஒன்று அது. அந்த ஒன்றைத் தவிர வேறு என்னென்னவோ கண்டுபிடித்தார்.

பிடிவாதமாக மருத்துவம் படித்ததும் அதற்காகத்தான். உடற்கூறு வகுப்பில் மணிக்கணக்காக நிற்க முடியாமல், மேஜை விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்று படித்தார். மேற்படிப்பில் மரபணுவைப் படித்தார். இந்த நோயின் கடுமையான வகையில் பாதிப்பேருக்கு மரபணுவில் எதுவும் காணாமல் போயிருப்பதில்லை. எல்லாத் துண்டும் இருக்கும், ஒரு துண்டு மட்டும் பிரிந்து தலைகீழாகத் திரும்பி மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும். உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்த சட்டைக் கை மாதிரி. ஊர் ஊராகப் போய்க் குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்து வந்தார். அதில் ஒரு மாதிரி அவருடையது. அதற்குப் பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டு மற்றவற்றோடு சேர்த்துவிட்டார். முடிவு தெரிகிற படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உடன் வேலை செய்தவர், “இந்த ஆளுக்கும் தலைகீழ்தான் சார்” என்றார். ஆமாம் என்று குறித்துக்கொண்டார். அண்ணன், தாய்மாமன், மூதாதை யார் யாரோ, எல்லாருடைய சாவுக்கும் காரணமான அந்தத் துண்டு, பென்சில் கோடு போல அவ்வளவு சாதுவாக இருந்தது. அன்றைக்கு அவருக்கு வந்தது துக்கம் இல்லை. ஒரு விதமான, எப்படிச் சொல்வது, பிடித்துவிட்டேன் பார் என்கிற குதூகலம். அம்மாவிடம் போய், இதுதாம்மா, இவ்வளவுதான் என்று காட்டத் தோன்றியது. அம்மா அப்போது இல்லை. அம்மா கடைசிவரை ‘என் ரத்தத்துலதான் இருந்துருக்கு’ என்று மட்டும்தான் சொன்னாள். அந்தக் குரலில்தான் சுகிர்தாவும் கேட்டாள். கேட்டது கேள்வியே இல்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் முடிவு பண்ணுங்கள் என்று சொன்னேனே, உன் வீட்டுக்காரர், நீயும், அவர் பெயர்.

பெயர் வரவில்லை.

மாப்பிள்ளையின் பெயர். மூன்று வருஷமாக மாப்பிள்ளை. கல்யாணத்தில் மோதிரம் போட்டுவிட்டவர், வந்தால் மாமனாரின் காலுக்கு ஸ்டூல் எடுத்துப் போடுகிறவர். முகம் இருக்கிறது, கன்னத்துக் குழி இருக்கிறது, ஸ்கூட்டரின் நிறம்கூட இருக்கிறது. பெயர் இருந்த இடத்தில் வழவழவென்று ஒன்றும் இல்லை. ஆ. ஆல்பர்ட்? இல்லை. ஜெ என்று ஏதோ. இல்லை, சின்னப் பெயர், இரண்டு எழுத்தோ மூன்றோ. பைபிளில் வருகிற பெயர். பைபிளில் எல்லாப் பெயரும் வருகிறது. பதற்றத்தில் பெயர் மறப்பது சகஜம், எல்லாருக்கும் நடப்பதுதான், போன மாசம்கூட ஒரு மருந்தின் பெயர் வராமல், ஆனால் வலது பக்கம் இடித்தது, பேச்சு இடது பக்கத்தில் அல்லவா, இடிபடாத பக்கத்தில்தான் சில சமயம் ரத்தம் கட்டும், மூளை உள்ளே குலுங்கி எதிர்ச்சுவரில் மோதும், அதை அவரே பாடம் எடுத்திருக்கிறார். வயிற்றைப் புரட்டியது. வாந்தியா? மத்தியானச் சாப்பாடா? பயமா? பயத்துக்கும் வாந்தி வரும். மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாயில் எச்சில் ஊறியது. எழுந்தார். தரை கொஞ்சம் தள்ளி நின்றது. இல்லை, கால்தான், எழுந்தால் எப்போதும் அந்தக் கால் அப்படித்தான். பாப்போம்னு இருந்துட்டீங்களா? பாப்போம்னு இருந்துட்டேன். கதவு தானாகத் திறந்தது. பொன்மலர்.

“சார், டீ கொண்டுவந்து வச்சேன்லா, அப்படியே இருக்கு,” என்றவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். “என்ன சார்?”

“தலைய இடிச்சுட்டேன் சிஸ்டர்.”

“எப்ப?”

“அந்தப் பேனா மூடிய எடுக்கும்போது.”

“எப்ப சார்?”

“கொஞ்ச நேரம் முந்தி. அரை மணி இருக்கும். கூடவும் இருக்கும்.”

அவள் திரும்பி நேரே பிரிட்ஜுக்குப் போனாள். அவர் பின்னாலேயே தாங்கித் தாங்கிப் போய்க் கதவின் பிடியில் கையை வைத்தார். “எடுக்காதீங்க. அது சிவனணைஞ்சானுக்கு.”

“அவன் இன்னும் ரோட்டுல இருக்கான். நீங்க என் கண்ணு முன்னால இருக்கீங்க. கைய எடுங்க சார்.”

“அவனுக்குத் தொண்ட. வந்து எறங்கும்போது மூச்சு இருக்குமான்னு தெரியாது. இத எனக்குப் போட்டுட்டா அப்புறம் அவன் பொண்டாட்டி மூஞ்சியில என்னத்தச் சொல்ல?”

“ஒங்க வீட்டம்மா மூஞ்சியில நான் என்னத்தச் சொல்ல?” பொன்மலரின் குரல் உடைந்தது. பதினோரு வருஷத்தில் அவள் அவரிடம் சத்தம் போட்டதில்லை. “தல அடின்னா முதல்ல மருந்துன்னு ஊரெல்லாம் சொல்லுதீங்க. அரை மணி நேரமா என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க அந்த ரூம்ல?”

“பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிட்டிருந்தேன்,” என்றார். அது சொல்லக் கூடாத பதில். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே பிரிட்ஜின் பிடியை இழுத்தாள். அவர் விடவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தை வாயில் வந்தது, யோசித்து வரவில்லை, மாப்பிள்ளை பெயரைத் தேடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து வேறொன்று கைக்கு அகப்பட்டதுபோல. “கிரையோ. ரத்த வங்கியில கிரையோ இருக்கும். எனக்கு அதச் சொல்லுங்க.”

பொன்மலரின் கை நின்றது. “ஒங்களுக்கா? கிரையோவா?”

எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அந்தப் பைகளை இந்த நோய்க்காரர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மேஜையைத் தட்டிப் பேசுகிறவர் அவர். ஜெயசிங்கின் பெயரைச் சொல்ல மாட்டார், என் குடும்பத்தில் ஒருவர் என்பார். இப்போதெல்லாம் ஒவ்வொரு பையையும் சோதிக்கிறார்கள், பழைய நாள் இல்லை. அறிவுக்கு அது தெரியும். தோலுக்குத் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் அவரே போனை எடுத்து ரத்த வங்கியைக் கூப்பிட்டார். உறைந்த பைகளை இளஞ்சூட்டு நீரில் இளக்க வேண்டும். நேரமாகும். ஆகட்டும். “யாருக்கு சார்?” என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அருமைநாயகம், வயசு ஐம்பத்துமூன்று என்றார். அந்தப் பக்கம் எழுதிக்கொண்டே வந்த பேனா நின்றது கேட்டது.

பைகளும் சிவனணைந்தானும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தார்கள். அவசரப் பிரிவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சக்கர நாற்காலியில் வந்தவனின் கழுத்து தாடையோடு ஒன்றாகிவிட்டிருந்தது. வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டவன் பேசுவதுபோல ஏதோ சொன்னான், மூச்சை இழுக்கும்போது ஒரு விசில் சத்தம். காது மூக்குத் தொண்டை டாக்டர் கத்தியோடு தயாராக நின்றார், தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட. ஆனால் இந்த ரத்தத்தில் துளையிடுவது என்றால் மருந்து முதலில் உள்ளே போயிருக்க வேண்டும். “குடுங்க, வேகமா, மொத்தத்தையும்,” என்று தன் கட்டிலில் படுத்தபடியே அருமைநாயகம் சொன்னார். பொன்மலர் அவன் கையில் குப்பி மருந்தை ஏற்றினாள். முப்பிடாதி கதவோரம் நின்று இந்தக் கட்டிலையும் அந்தக் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். சேலையெல்லாம் ரத்தம்.

“சார், நீங்க ஏன் படுத்திருக்கீங்க?”

“தல இடிச்சிருச்சும்மா.”

“ஒங்களுக்கும் இவுகள மாதிரித்தானே சார்? அப்போ ஒங்களுக்கு மருந்து?”

“எனக்கு வேற வருது. பாருங்க, வந்துட்டு.”

மஞ்சள் பைகள். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகும் அதே மஞ்சள், கலங்கின கஞ்சித் தண்ணீர் போல. ஊசியோடு வந்த இளம் டாக்டர் அவர் கையைத் தொட்டதும் கை பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அவர் இழுக்கவில்லை, கை இழுத்தது. “சார்?” என்றான் அவன். “ஒண்ணுமில்ல, குத்துங்க,” என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். குழாயில் மஞ்சள் இறங்கி வருவது பார்க்காமலே தெரிந்தது, முழங்கைக்குள் குளிர்ந்தது. எனக்கு இல்லையா என்று அழுத பையனுக்கு இப்போது வருகிறது. அண்ணன் என்ன செய்வான் இதைப் பார்த்தால்? சிரிப்பான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிப்பான், கடைசி மாசத்தில் வாயெல்லாம் புண்ணாக இருந்தபோதும் தம்பியின் பரீட்சை மார்க்கைக் கேட்டுச் சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல்தான், ஐசக். மாப்பிள்ளை பெயர் ஐசக். ஐசக், ஐசக். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. இளம் டாக்டர், “வலிக்குதா சார்?” என்றான்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது பைகள் பாதி ஏறியிருந்தன. படத்தில் வலது பக்கம், மண்டை ஓட்டை ஒட்டி, மெல்லிய ஒரு வெள்ளைக் கீற்று. அப்படி எத்தனையோ கீற்றுகளை அவர் அடுத்தவர் படத்தில் பார்த்திருக்கிறார். மூளை அறுவை டாக்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இருக்கு சார். கசிஞ்சிருக்கு. ஆனா சின்னது. இப்ப தெறக்க வேண்டாம், மருந்து ஏறட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுப்போம்.” ஆக, அந்த அரை மணியும் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வாய்ப்பாடு சொல்லச் சொல்ல, சொட்டுச் சொட்டாக. உடனே சொல்லியிருந்தால் இந்தக் கீற்று இவ்வளவுகூட இருந்திருக்காது. உடனே சொல்லியிருந்தால் குப்பிகள் இந்தக் கையில் ஏறியிருக்கும், அந்தக் கழுத்து. கிரையோவை அப்போதே நினைத்திருக்கலாமே? நினைத்திருக்கலாம். நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராததற்கு அவன் காரணம், ஜெயசிங். இல்லை, அவனை இழுக்காதே. பயம்தான் காரணம். தலை வலித்தது. இப்போது அது வலிதான், பழசா புதுசா என்ற கேள்வி இல்லை. இரண்டாவது ஸ்கேன் எடுக்கும்வரை அவர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார், பக்கத்தில் ரெஜினா வந்து உட்கார்ந்து கையைப் பிடித்திருந்தாள். இரண்டாவது படத்தில் கீற்று அதே அளவில் இருந்தது. கூடவில்லை. அவருடைய ஆயுசில் கேட்ட வார்த்தைகளிலேயே அது பெரிசு. கூடவில்லை.

சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தபோது ரெஜினா போனை அவர் காதோரம் வைத்தாள். சுகிர்தா விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். அவர் பேச்சு கொஞ்சம் குழறியது, களைப்பில்.

“அழாத. ஒண்ணுமில்ல. கூடல.”

“நான் அப்படிக் கேட்டதுனாலதானாப்பா? அத நெனச்சிட்டே இடிச்சிட்டீங்களா?”

“சே. பேனா மூடி விழுந்துச்சு, எடுத்தேன், இடிச்சேன். நீ கேட்டது சரியான கேள்வி.”

அந்தப் பக்கம் அழுகை நின்றது. அவள் காத்திருந்தாள். அவருக்கு ஒரு நல்ல பதில் வரும் என்று அவரும் காத்திருந்தார். தம்பதிகளுக்கு வரைந்து காட்டுகிற படம் வந்தது, சதவீதம் வந்தது, அம்மாவின் முந்தானை வந்தது, தலைகீழான துண்டு வந்தது.

“எனக்குத் தெரியல, சுகிர்தா,” என்றார். “இத்தன வருஷம் எல்லாருக்கும் சொல்லியிருக்கேன், ஒனக்குச் சொல்லத் தெரியல. நீ வா. ஐசக்கையும் கூட்டிட்டு வா. எனக்கு எப்படியெல்லாம் வலிச்சதுன்னு சொல்லுதேன். பெரியப்பா எப்படிச் செத்தான்னு சொல்லுதேன், அது ஒனக்கு முழுசாச் சொன்னதில்ல. ஒங்கம்மாவ மொதல்ல பாத்தது, நீ பொறந்தது, ஒரு படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துச் சந்தோஷப்பட்டது, அதயும் சொல்லுதேன். எல்லாத்தயும் கேட்டுட்டு டெஸ்ட் எடு, எடுக்காம இரு. நீ எதச் செஞ்சாலும் அது என்னய வேண்டாம்னு சொன்னதா நான் எடுத்துக்கிட மாட்டேன்.”

“பஸ்ல ஏறிட்டோம்ப்பா. அம்மா சொன்னதுமே ஏறிட்டோம்,” என்றாள்.

ரெஜினா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணை மூடினால் தூங்கிவிடுவோமோ என்ற பயம், தூங்கினால் எழுந்திருப்போமா என்ற பயம், இரண்டும் வந்து கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தன. காதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு கிடந்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சிவனணைந்தான். கழுத்தில் துளையிடாமலே தப்பித்துவிட்டான் என்று பொன்மலர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள், கண்ணெல்லாம் வீங்க. முப்பிடாதி யாரிடமோ தாழ்ந்த குரலில் இட்லி கொடுக்கலாமா, கஞ்சிதானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் குரலும் அடங்கியது. அப்புறம் ஒரு சத்தம். அருமைநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். விசிலா? அடைக்கிறதா? கையை ஊன்றி எழப்போனார். இல்லை. முரட்டுக் கரகரப்பு, இழுத்து, நிறுத்தி, ஊதிவிட்டு, மறுபடி இழுத்தது. அடுப்படியில் நாளெல்லாம் மாவு பிசைந்து, அடித்து, வீசினவன் உடம்பை மறந்து தூங்கும்போது விடுகிற குறட்டை. மூக்கிலிருந்து நெஞ்சுவரை வழி முழுக்கத் திறந்திருக்கிறவனால்தான் அப்படி விட முடியும். ஒரு நர்ஸ் வந்து, “சத்தமா இருக்கா சார், ஒங்கள வேற பக்கம் மாத்தட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவர் கண்ணை மூடினார்.